நிலாவும் இயந்திர நாயும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்து, பின்னர் தூரதர்ஷனில் நாடகத் தொடராயிற்று. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியதோர் எதிர்காலம். அதில் காணாமற்போன கணவன் சிபியைத் தேடுகிறாள் நிலா. கருப்பையும் அரசுடைமையாகும் கொடுமையை ஆசிரியர் நன்குணர்ந்திருக்கிறார். ஆயினும் சிந்திக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார்? ஜீனோ என்ற இயந்திர நாயிடம்! திரையிற் கண்டோர் நினைவில் நிற்பதும் அதுவே. ‘மீண்டும் ஜீனோ’வில் அரசியாகியும் நிலா பிறர் ஆட்டும் பாவைதான்.

கதிரவெளியில் இக்கதையை எங்ஙனம் வாசிப்பது? 2006 நவம்பரில் இங்கே பாடசாலையில் தஞ்சம் புகுந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. மட்டக்களப்பு மாவட்டமெங்கும் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரும் தாய்மாரும் புகைப்படமும் கையுமாக முகாம்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் அலைந்தனர். எங்கே போவது, எவரைக் கேட்பது என்பதையெல்லாம் அவர்களே சிந்தித்தனர்.