பூட்டு யார் கையில்?

கியூபாவின் ஓர் ஓரத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளம் ஒன்று இருக்கிறது. பெயர் குவாண்டனாமோ. 2002 ஜனவரியில் புஷ் அங்கே ஒரு ராணுவச் சிறை திறந்தார். மொத்தம் சுமார் 780 பேர் உள்ளே போனார்கள். பெரும்பாலோர் மீது குற்றப்பத்திரிகைகூடக் கிடையாது. எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் பதிலும் கிடையாது.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். நாட்டின் மானமே போச்சு என்றார்கள். 2008 தேர்தலில், மூடுவேன் என்றார் ஒபாமா. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மெக்கெயினும் அதையேதான் சொன்னார். அவ்வளவு ஏன், திறந்து வைத்த புஷ்ஷே 2006ல், மூடத்தான் ஆசை என்றார். அப்புறமென்ன, யார் ஜெயித்தாலும் பூட்டு நிச்சயம் என்றுதானே நினைப்போம்?

2009 ஜனவரி 22. பதவியேற்ற இரண்டே நாளில் ஒபாமா உத்தரவு போட்டார். ஒரு வருஷத்துக்குள் மூடவேண்டும். அதற்கு 8 கோடி டாலர் கேட்டார். மே மாதம் செனட்டில் ஓட்டெடுப்பு. தரமுடியாது என்று 90 பேர். தரலாம் என்று வெறும் 6 பேர். அப்போது செனட்டில் பெரும்பான்மை யாருக்கு? சாட்சாத் ஒபாமாவின் கட்சிக்குத்தான்!

காரணம்? கைதிகளை அமெரிக்கச் சிறைகளுக்குக் கொண்டுவந்தால் ஆபத்தாம். 1993ல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்த ராம்ஸி யூசுஃபை சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கிக்கொடுத்து, கொலராடோ சிறையில் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் எதிராளி விடப்போகும் விளம்பரம் இருக்கிறதே, அது நிஜமான ஆபத்து.

குடியரசுக் கட்சி மட்டும் ஒழுங்கா? புஷ் காலத்தில் 500 பேருக்கு மேல் வெளியே அனுப்பினார்கள். பெரிய கூச்சல் ஏதுமில்லை. ஒபாமா சுமார் 200 பேரை அனுப்பினார். பயங்கரவாதிகளை அவிழ்த்துவிடுகிறார் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். அதே சிறை, அதே கைதிகள். கையெழுத்துதான் வேறு.

ஒபாமாவின் திட்டமும் யோக்கியமானதல்ல. சிலரை இல்லினாய்ஸ் சிறைக்கு மாற்றி, அங்கேயும் விசாரணை இல்லாமலே வைத்திருப்பதாக ஏற்பாடு. கட்டடத்தை மாற்றுவதற்குப் பெயர் மூடுவதா? புஷ் செய்தபோது அநியாயமாகத் தெரிந்தது, இப்போது அவர் கட்சிக்காரர்களில் பலருக்கு நிர்வாகச் சிக்கலாகத் தெரிந்தது.

காசுக் கணக்காவது பார்த்தார்களா? 2018ல் அங்கே இருந்தவர்கள் 40 பேர். செலவு 54 கோடி டாலர். தலைக்கு 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல்! கொலராடோ சிறையில் இதில் ஒரு சதவிகிதம்கூட ஆகாது. சிக்கனம் பேசும் கட்சிதான் அந்த வருஷம், சிறை திறந்தே இருக்கட்டும் என்று டிரம்ப் மூலம் உத்தரவு போட்டது.

அடுத்து பைடன். அவரும் மூடுவதாகச் சொன்னவர்தான். 2023 அக்டோபரில், குற்றச்சாட்டே இல்லாத 11 யேமன் நாட்டவரை ஓமனுக்கு அனுப்ப விமானம்கூடத் தயார். அந்தச் சமயம் பார்த்து ஹமாஸ் தாக்குதல். இப்போது வேண்டாமே என்று காங்கிரஸில் முனகல். நிறுத்திவிட்டார்கள். அந்த 11 பேருக்கும் காஸாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை.

அவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது 2025 ஜனவரியில். அதாவது தேர்தல் முடிந்து, தோற்று, பைடன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது. இனி இழக்க ஓட்டு இல்லை என்று ஆனபிறகு பூட்டு சுலபமாகத் திறந்தது. இருபது வருஷம் உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து மாதமும் யார் கணக்கில்?