மாணவர் கையில் தராசு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பர். தன் வீட்டு நூலுக்குத் தானே பரிசளிக்கும் பல்கலைக்கழகத்தைக் காணும்போது இப்பழமொழியே நம் நினைவுக்கு வருகிறது. எனினும் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், அதன் பேராசிரியர் எழுதிய நூலுக்கு 1976 முதல் வழங்கப்பட்டுவரும் லயோனல் டிரில்லிங் பரிசை அவ்வளவில் ஒதுக்கிவிட இயலவில்லை. தேர்வுக்குழுவில் அமர்பவர்கள் அங்குப் பயிலும் இளங்கலை மாணவர்கள். தமக்கு மதிப்பெண் இடுபவரின் நூலுக்கு அவர்களே மதிப்பிடுகிறார்கள்!

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. வகுப்பறையில் கைத்தட்டல் பெறும் ஆசிரியரின் நூல் எளிதில் மேலேறிவிடலாம். ஆனால் முதற்பரிசு பெற்ற நூல் கவர்ச்சியால் மட்டும் மேலேறக்கூடியதன்று. எட்வர்ட் சயீத் 1975இல் வெளியிட்ட 'பிகினிங்ஸ்', மூலம் என்பது தெய்வத்தைச் சார்ந்தது, தொடக்கம் என்பதோ மனிதன் தானே தெரிந்து மேற்கொள்வது என்று பிரித்து, விக்கோ, கான்ராட், ஃப்ராய்டு என வாதத்தை நெடுந்தொலைவு இழுத்துச் செல்வது. நம்பிக்கையாளராகிய நமக்கு அப்பிரிவினை முழுவதும் ஏற்புடையதன்று. மனிதன் மேற்கொள்ளும் தொடக்கத்திலும் அருள் முந்திக்கொள்ளக்கூடும். ஆயினும் இளங்கலை மாணவர்கள் அதைப் படித்து, இதுவே சிறந்தது எனத் துணிந்தது சிறிய செய்தியன்று. 'ஓரியண்டலிசம்' (1978) வெளிவந்து சயீத் உலகப்புகழ் பெறுமுன்பே அவர்கள் தேர்ந்துவிட்டனர்.

பரிசின் பெயரும் எண்ணத்தக்கது. டிரில்லிங் யூதர். யூதராகவும் மார்க்சியராகவும் ஃப்ராய்டியராகவும் உள்ள ஒருவருக்கு இங்கு மகிழ்ச்சி இராது என்று சொல்லி, 1936இல் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட முனைந்தது அதே பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறை. அவர் எதிர்த்து நின்று நிலைத்தார். 1975இல் மறைந்தார், மறுஆண்டே அவர் பெயரில் பரிசு.

நமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்றுண்டு. பேராசிரியரின் நூலே கணக்கில் வருகிறது. முன்னாள் மாணவர் விடுபடுகிறார். கொலம்பியா மாணவராக இருக்கையில் 1938இல் அருகிலிருந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று, 1941இல் கெத்செமனி மடம் புகுந்து, 1948இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட தாமஸ் மெர்ட்டன் அவ்வீட்டின் பிள்ளைதான். பரிசு அன்றே இருந்திருந்தாலும் விதிப்படி அந்நூல் தராசில் ஏறியிராது. அவருக்குக் கற்பித்த மார்க் வான் டோரன் பெயரிலோ, அதே கல்லூரி மாணவர்கள் 1962 முதல் சிறந்த ஆசிரியரைத் தேர்ந்து சிறப்பித்து வருகின்றனர்.