காற்றுக்கு நான்கு பெயர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் காற்றை வெறும் காற்று என்று சொன்னால் போதாது. வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். ஒரு சொல்லிலேயே திசையும் பருவமும் அடங்கிவிடும்.

வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையிலும் எனக்கு அதே அழகு தெரிகிறது. மன்னார் வளைகுடா, குமரிக்கடல் எனக் கடலை வட்டாரங்களாகப் பிரித்து, 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்று அளந்து பேசும். அந்த 'இடையிடையே'தான் முக்கியம். படகைப் புரட்டுவது பெரும்பாலும் சராசரிக் காற்றல்ல, திடீர் வீச்சு.

ஐதராபாத்தின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் அலையின் உயரத்தையும் சொல்கிறது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று ஏறினால் அலை குறுகலாக, செங்குத்தாக எழும். உயரம் குறைந்த அலைகூட இங்கே படகைப் படாதபாடு படுத்தும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்துப் போனது. முன்கூட்டியே வந்த எச்சரிக்கையால் படகுகள் கரையில் கட்டப்பட்டுக் கிடந்தன. கடலுக்குள் யாரும் இல்லாத அந்த இரவை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.