குடவோலையும் கால்வேலி நிலமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) உள்ளன. மக்களாட்சியின் தொட்டில் என அவற்றைப் போற்றுவது நமக்குப் பழகிப்போயிற்று. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இவ்வூரை எடுத்துக்காட்டினார். எனினும், அக்கல்வெட்டின் நிபந்தனைகளை நாம் முழுமையாக வாசிப்பதில்லை.

குடத்தில் ஒருவர் பெயர் விழ வேண்டுமாயின், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் அவருக்கு இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, மந்திரப் பிராமணத்தில் தேர்ச்சி ஆகியனவும் வேண்டும். அரைக்கால் வேலியே உடையவர் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதும். நிலக்குறையைக் கல்வி ஈடுசெய்யலாம் என்பது தாராளமாகவே தோன்றும். ஆனால் அவ்வூர் ஒரு பிரமதேயம். அக்கல்வியோ ஒரு வருணத்தாருக்கே உரியது. உழுதவருக்கு அங்கே ஓலை இல்லை. (முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவர்தம் உறவினரையும் விலக்கிய விதி மட்டும் இன்றைக்கும் நம்மை நாணச் செய்வது.)

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இந்நிபந்தனைகளை அறியாதவரல்லர். சபை வேறு, ஊர் வேறு என வகுத்துக் காட்டியவரும் அவரே. 1932இல் வெளிவந்த அவருடைய சோழர் ஆய்வு நூல், இவ்வூருக்கென ஒரு கட்டுரையையே ஒதுக்கியது. ஆயினும் அவர் வியந்து நின்றது நிருவாகத்தின் நேர்த்தியில்தான். சபையோரின் நிலத்தில் உழைத்தவர் யார் என்னும் வினாவை அவர் வற்புறுத்தவில்லை. தன்னாட்சிக்குத் தகுதியற்றோர் என ஆங்கிலேயரால் இகழப்பட்ட ஒரு தலைமுறையின் ஆய்வு அது என்பதை நாம் மறத்தலாகாது. அந்த நியாயம் அன்றைக்குப் பொருந்தும். இன்று அதையே திருப்பிச் சொல்வோருக்குப் பொருந்தாது.

அவ்வினாவை எழுப்பியவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. காவிரிப் பகுதியின் அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் அவர் ஒப்பிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியாருடைமையாயிருந்தது, உழுவோர் வேறாயிருந்தனர். அல்லூரிலோ நிலம் பொதுவிலிருந்தது. உடையவரே உழுதனர் என்பது அவர் முடிவு. ஏற்றத்தாழ்வின் வேரை அரசர் வரலாற்றில் தேடாமல் நிலவுடைமையில் தேடியது இவ்வாய்வின் பெருமை.

ஆனால் ஆற்றுப்பாசன ஊர்களில் கண்ட முடிவை, ஏரியை நம்பிய தொண்டைமண்டலத்தின்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது. உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த ஏரியில் மண் சுமந்தவர் யார், அதன் நீர் எவர் வயலுக்கு முதலில் பாய்ந்தது என்பவற்றை, சுற்றுப்புறத்து வெள்ளான்வகை ஊர்களின் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு நம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆராய முன்வருவாராயின், அதுவே இவ்வூருக்குச் செய்யத்தக்க அடுத்த பணி.