அக்காவுக்கு ஆகும்

அம்மா இறந்து மூன்று மாதம் கழித்து, குரோம்பேட்டை வீட்டை ஒழித்துக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அண்ணன் பீரோ சாவியை நீட்டி, "எதை யாருக்குக் கொடுக்கலாம்னு உனக்குத்தானே தெரியும்" என்றார். ஆமாம், எனக்குத்தான் தெரியும். பழைய பட்டுப் புடவையைச் சரிகைக்காக எடுப்பவர், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருபவர், பேப்பர்காரர் வரும் நாள், காயலான் கடை எல்லாமே என் தலைக்குள் இருக்கின்றன. அம்மாவின் தலைக்குள்ளும் இருந்தன. இதை யாரும் வேலை என்று எண்ணியதில்லை.

அந்த நாட்களில் மரி கோண்டோவின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 2014-இல் ஆங்கிலத்தில் வந்து, 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வரைக்கும் அவரைக் கொண்டுபோன புத்தகம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். ஆனால், எங்கே அனுப்புவது? வாசலைத் தாண்டிய பிறகு பொருளுக்கு என்ன ஆகிறது என்பதில் புத்தகத்துக்கு அதிக அக்கறை இல்லை. எத்தனை பை குப்பை வெளியேறியது என்பதுதான் அதற்குப் பெருமை.

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு தயார் பதில் உண்டு: "அக்காவுக்கு ஆகும்."

அம்மாவிடம் பதினோரு வருடம் வேலை பார்த்த அக்காவுக்கு, அந்தப் பழைய பெரிய கிரைண்டரைக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. "வெக்க இடமில்லம்மா. காயலான் கடைல போட்டுட்டேன். வண்டிக்குக் குடுத்த காசுகூடத் தேறல."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீங்க குடுக்கும்போது எப்படிம்மா வேணாம்னு சொல்றது?"

கோண்டோ இதில் பாதியைத் தொட்டிருக்கிறார். தனக்கு வேண்டாத உடைகளைத் தங்கையிடம் தள்ளிவிட்டதை எழுதி, நமக்கு வேண்டாதது குடும்பத்தாருக்கும் வேண்டாததுதான் என்கிறார். தங்கைக்கே மறுப்பது கடினம் என்றால், நம்மிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு? அந்தப் பெண் அவர் புத்தகத்தில் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறார். தேய்ந்த செருப்பும் கறை பட்ட புடவையும் எந்தச் சாதிக்காரர் கையிலிருந்து எந்தச் சாதிக்காரர் கைக்குப் போகின்றன என்பதும் நமக்குத் தெரியும்.

பழையதைக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான வேலையைத் தாங்களே தேர்ந்து செய்ய, அதற்கு ஈடாகத் துணியும் பொருளும் தருகிறது. பெசன்ட் நகரில் 2017-இல் வைத்த 'ஐயமிட்டு உண்' குளிர்பெட்டியின் பக்கத்திலேயே துணிமணி, புத்தகங்களுக்கும் இடம் உண்டு. அங்கே வேண்டியதை எடுக்கலாம், வேண்டாததை விட்டுவிட்டுப் போகலாம். கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நம் வீட்டில் கணக்கு தலைகீழ். வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும், காசு பாக்கி இருக்கும், அந்த இடத்தில் பழைய புடவை வந்து உட்காரும். தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. அரசே தொழிலாளி என்று ஒப்புக்கொண்டவரை, நாம் இன்னும் 'பாவம், கஷ்டப்படுறவங்க' என்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தீபாவளிக்கு போனஸ் கணக்குப் போட்டபோது, 'கிரைண்டர் கொடுத்தோமே' என்று மனதுக்குள் ஐந்நூறு ரூபாயைக் குறைத்திருந்தேன். காயலான் கடைக் கதையைக் கேட்ட பிறகு முழுத் தொகையையும், வண்டிக் காசையும் கொடுத்தேன். வண்டிக் காசை வாங்கும்போது அவர் சிரித்தார்.

மிச்சப் பொருட்களை எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன், யாருக்கு எது வேண்டுமென்று அவரே கேட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று. ஒரு மாதம் ஆகிறது. கட்டில் இன்னும் கூடத்திலேயே கிடக்கிறது. நான் எடுக்கப்போவதில்லை.