பெயரில்லாதவனின் தோல்பை

ரால்ஃப் எலிசனின் 'இன்விசிபிள் மேன்' (1952) நாவலுக்கும் எச்.ஜி. வெல்ஸின் விஞ்ஞானக் கதைக்கும் தொடர்பில்லை. இங்கே யாரும் மாயமாய் மறைவதில்லை. அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து சேரும் கறுப்பின இளைஞன் எல்லார் கண்ணெதிரிலும்தான் நிற்கிறான். பார்க்கிறவர்கள் அவனை விட்டுவிட்டு, தங்களுக்கு வேண்டிய யாரையோ பார்த்துக்கொள்கிறார்கள். கடைசிவரை அவன் பெயர் நமக்குத் தெரியாது.

அவனைப் புரிந்துகொள்ள அவன் கையிலிருக்கும் தோல்பையைப் பின்தொடருங்கள்.

ஊர்ப் பெரிய மனிதர்களான வெள்ளையர்கள் கறுப்பினப் பையன்களின் கண்ணைக் கட்டி, ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வைக்கிறார்கள். அந்த அடியை வாங்கிய பிறகு, வாயில் ஊறும் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே அவன் உரையாற்றுகிறான். அதற்குப் பரிசு அந்தப் பை. உள்ளே கல்லூரி உதவித்தொகைக்கான தாள். அன்றிரவே கனவில் செத்துப்போன தாத்தா வந்து பையைத் திறக்கச் சொல்கிறார். அதிலிருக்கும் தாளின் சாரம்: இவனை ஓடவைத்துக்கொண்டே இருங்கள். நாவல் முழுவதற்கும் இதுதான் திறவுகோல்.

பிறகு பை நிறைகிறது. கல்லூரித் தலைவர் ஒட்டிக்கொடுத்த கடிதங்கள். ஓர் அரசியல் இயக்கம் அவனுக்குச் சூட்டிய புதுப் பெயர் எழுதிய தாள். 19 ஆண்டு கைதியாக இருந்து தப்பிய முதியவர் ஒருவர் தரும் கால்விலங்கின் கண்ணி. கறுப்பினத்தவரை இளிக்கும் பொம்மையாக வார்த்த இரும்பு உண்டியலின் உடைந்த துண்டுகள். அந்தத் துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் போட்டால் ஒருத்தி திட்டித் திரும்ப எடுக்கவைக்கிறாள். தெருவில் விட்டுவந்தால் ஒருவன் பின்னாலேயே வந்து கொடுக்கிறான். இதைச் சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, கொஞ்சம் நின்று யோசியுங்கள். எலிசன் கல்லூரியில் இசை பயின்றவர். ஒரு பொருளைக் காட்டிவிட்டு, பல பக்கம் தள்ளி வேறு சுதியில் அதைத் திரும்பக் கொண்டுவருவது அவருக்குக் கைவந்த கலை.

குறியீடு கண்ணில் பட்டதும் 'இதற்கு இதுதான் அர்த்தம்' என்று எழுதிவைத்துவிடாதீர்கள். பெயின்ட் தொழிற்சாலைக் காட்சியில், ஒவ்வொரு டப்பாவிலும் பத்துச் சொட்டுக் கறுப்புத் திரவத்தைக் கலக்கினால் வெள்ளை இன்னும் பளிச்சென்று ஆகிறது. அந்த பெயின்ட் அரசுக்குப் போகிறது. கறுப்பினத்தவரின் உழைப்பு வெள்ளைக்குள் கரைக்கப்படுகிறது என்ற விளக்கம் சரிதான். ஆனால் கலக்குகிறவன் யார், அவனுக்கு ஏன் செய்முறை முழுதாகச் சொல்லப்படவில்லை என்றும் கேளுங்கள், காட்சி ஆழமாகிவிடும்.

அடையாளம் வழுக்கிக்கொண்டே போவதை உச்சத்தில் காட்டுவது ரைன்ஹார்ட் பகுதி. கறுப்புக் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் போட்டதுமே நம் நாயகனை ரைன்ஹார்ட் என்கிறார்கள். ஒருவருக்கு ரைன்ஹார்ட் சூதாட்டக்காரன், இன்னொருத்திக்குக் காதலன், போலீஸுக்கு லஞ்சம் தருபவன், பக்தர்களுக்குப் போதகர். அந்த ஆள் நாவலில் நேரில் வருவதே இல்லை. என் கணிப்பில் நாவலின் மிகத் துணிச்சலான பக்கங்கள் இவை.

இறுதியில், பையில் என்ன இருக்கிறது என்று விரட்டும் வெள்ளையர்களிடமிருந்து ஓடி, தெருவடிக் குழியொன்றில் விழுகிறான். வெளிச்சத்துக்காகப் பையிலிருக்கும் தாள்களை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறான். அப்போது இரண்டு தாள்களின் கையெழுத்தை ஒப்பிடுகிறான். அங்கே என்ன தெரிகிறது என்பதை நீங்களே படித்து அறியுங்கள்.

முடித்த கையோடு முன்னுரைக்குத் திரும்புங்கள். திருட்டு மின்சாரத்தில் 1,369 விளக்குகள் எரியும் நிலவறையிலிருந்து அவன் பேசுவது, இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு.