பல்பு சொல்லும் உண்மை

மைசூருவில் பி.இ.எம்.எல். ஆலையில் டம்பர் லாரிகள் தயாராகின்றன; தெற்கே சாமராஜநகர் கருங்கல் குவாரிகளில் பொக்லைன்கள் பாறை புரட்டுகின்றன. அப்படியொரு பொக்லைன் கையை ஓங்கியபடி நின்றுவிட்டால், 300 பாருக்கு மேல் அழுத்தம் தரும் பம்பைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். நல்ல எலக்ட்ரீஷியன் அதைத் தொடமாட்டார். சாவியைத் திருப்பி, சேஃப்டி லீவரைத் தட்டி, பைலட் சோலனாய்டு ‘டக்’ என்கிறதா என்று காதுகொடுப்பார். அந்த 24 வோல்ட் வால்வு திறந்தால்தான் ஜாய்ஸ்டிக்குக்கே எண்ணெய் போகும்.

சத்தம் இல்லையா? ஃபியூஸ், அப்புறம் கனெக்டர். மல்டிமீட்டர் ஏமாற்றுவது இங்கேதான். களிம்பு பூத்த பின்னிலும் அது முழு 24 காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். அதே இடத்தில் ஹெட்லைட் பல்பைக் கோத்தால் மங்கலாகத்தான் எரியும். சுமை ஏற்றினால்தான் ஒயரின் யோக்கியதை தெரியும்.

ஆனால் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒயரில் பல்பைக் கோக்கமாட்டார். பல்பின் இழுவை தாங்காமல் கன்ட்ரோலர் உள்ளே கருகக்கூடும். அங்கே மீட்டர்தான். எங்கே எது என்ற அந்தத் தேர்வில்தான் தொழிலின் அழகு.